தொட்டில் கயிற்றில் ஒரு தகரத் தட்டு

பினாங்கில் நாங்கள் குடியிருந்தது ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே ஒரு சீனரின் அரிசிக் கடை, கருவாடும் விற்பார். எலிகளுக்கு அங்கே சாப்பாடு, எங்கள் கூரையில் படுக்கை. கல்யாணமாகி வந்த புதிதில் அவற்றை நான் சட்டை பண்ணியதே இல்லை. அரிசிப் பானையை மூடி வைத்தால் போதும் என்றிருந்தேன்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் மாறிப்போனது. இவன் இரண்டாவது. மூத்தவன் காய்ச்சலில் போய்விட்டான். இவனையாவது காப்பாற்றிக் கரையேற்ற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சேதி கொண்டுவந்தார். அவர் தமிழ் முஸ்லிம். அவருடைய வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பின் வரிசை வீட்டில் தாய் துணி காயப்போடப் போன நேரத்தில், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கால்விரலை எலி கடித்துவிட்டதாம்.

"பால் வாசத்துக்குத்தான் வரும்லா. வாயத் தொடச்சி விடு, கைகாலத் தொடச்சி விடு. அசந்துறாத," என்றார்.

அன்றிலிருந்து ஈரத்துணியும் கையுமாக அலைந்தேன். எங்கள் தொட்டில், உத்திரத்திலிருந்து கயிறு தொங்கவிட்டு அதில் பழைய சேலையைக் கட்டியது. ஒரு மழை மத்தியானம் பிள்ளை உள்ளே தூங்குகிறான். தலை நிமிர்த்திப் பார்த்தால் கயிற்றில் பாதி தூரம் ஓர் எலி இறங்கி நிற்கிறது. அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் கீழே கடைக்காரர் அரிசி அளப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே அரிசி களைந்தேன், மீன் ஆய்ந்தேன். அக்கா தன் பூனையைக் கொடுத்துப் பார்த்தார். அது என் மீனைத் தின்றுவிட்டு எலி ஓடும் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கியது. விஷம் வைக்கலாம் என்றால், கைக்கு வந்ததை வாயில் போடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதை எங்கே வைப்பது? கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. ஒரு நாள் வட்டமாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கரையில் கட்டின கப்பலின் கயிற்றிலெல்லாம் இப்படித் தட்டு மாட்டியிருப்பார்களாம். எலி கயிற்றில் வந்தாலும் தட்டைத் தாண்ட முடியாதாம். நடுவில் ஓட்டை போட்டுத் தொட்டில் கயிற்றில் கோத்தார். அதோடு விட்டாரா? கால் வைத்தால் வழுக்கட்டும் என்று தட்டுக்கு மேலே உத்திரம் வரைக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவினார். இரண்டு நாளைக்கு ஒரு முறை முக்காலியில் ஏறித் தடவுவது அவருக்கு ஒரு பெருமை. அக்காவையும் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் மனம் ஆறியது. தட்டுக்குக் கீழே ஓர் எலிகூட வரவில்லை. மேலே கரகரவென்று சத்தம் கேட்கும்போதெல்லாம், இறங்க முடியாமல் தவிக்கிறது சனியன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மத்தியானங்களில் கண்ணயரக்கூட ஆரம்பித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சேலையை அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து, மறுபடி கட்டினேன். தொட்டிலைப் புதிதாகக் கட்டினால் முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவார்கள். மற்றவர்கள் பேர் வைக்கிற அன்று ஒரு முறை செய்வதை, மூத்தவன் போனதிலிருந்து நான் ஒவ்வொரு முறையும் செய்வேன். இவருக்கு அது கேலி. அன்றைக்கும், கல்லுக்குத் தாலாட்டும் பாடேன் என்று வாசல்படியில் நின்று சிரித்தார்.

பிள்ளை என் இடுப்பில் இருந்தான். ஒற்றைக் கையால் குழவியைத் தொட்டிலில் கிடத்தி ஓர் ஆட்டு ஆட்டினேன். படீரென்றது. கயிறு, தட்டு, சேலை, குழவி எல்லாம் மொத்தமாகக் கீழே வந்தன. தரைப் பலகை பிளந்து, குழவியின் முனை அதில் குத்திக்கொண்டு நின்றது. பிள்ளை வீறிட்டான்.

"கல்லு கனம்ல, அதான் அறுந்திருச்சு. புள்ளய தாங்கியிருக்கும்," என்றார் அவர், வெளிறிப்போன முகத்தோடு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். ஏறினார். உத்திரத்தில் சுற்றியிருந்த மிச்சக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார். முக்காலியில் நின்றால் கண்ணில் படாத மேல் பக்கத்தில், எண்ணெய் ஊறிய இடம் முழுக்க எலி கொறித்திருந்தது. ஒரே ஒரு புரிதான் இப்போது அறுந்து நாராகத் தொங்கியது. மற்றதெல்லாம் பழைய கடி. எத்தனை மத்தியானம் அந்த ஒற்றைப் புரியில் அவனைத் தூங்கவைத்துவிட்டு நான் பக்கத்திலேயே கண்ணயர்ந்திருப்பேன்!

அவர் அந்தக் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, "புள்ளயக் குடு," என்று கையை நீட்டினார். விரலெல்லாம் எண்ணெய்.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றேன்.

சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். என் முன்னால் நின்று கையை முகர்ந்து பார்த்தார். பிள்ளையைத் தொடாமல் மறுபடியும் கழுவப் போனார்.