உப்புப் போடாத பிள்ளை

குழம்பை இறக்கும்போது உடையப்பன் ருசி பார்ப்பதில்லை. கொதிக்கு மேலே மூக்கைச் சற்று நீட்டுவான். கல் உப்பை அள்ளி, விரலிடுக்கில் கொஞ்சத்தைத் திரும்ப உப்புச் சட்டியிலேயே விழவிட்டு, மிச்சத்தைக் குழம்பில் எறிவான். அவ்வளவுதான். புதுக்கோட்டைச் சந்தைக்கு எதிரே ஆத்மநாதனின் சோற்றுக்கடையில், அந்தக் குழம்புக்காகவே வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

"ஒங் கொழம்பை நீயே சீந்த மாட்டேங்குற. சனத்துக்கு ஊத்தலாமா, மொதல்ல நாய்க்கு வச்சுப் பாக்கணுமா?" என்பார் முதலாளி.

"நாய் நல்லாருக்குன்னு சொன்னா நம்புவீங்களாக்கும்" என்பான் உடையப்பன். அவனுடைய வேடிக்கைப் பேச்சு அதற்கு மேல் நீளாது.

நாக்கில் உப்புப் பட்டுவிட்டால் மத்தியானம் வீட்டின் உப்பில்லாக் கஞ்சி இறங்காது. அதுதான் சங்கதி. தகப்பனார் அடைக்கலம், மாட்டுத் தரகு பார்த்துச் சந்தை சந்தையாய் நடந்தவர், கால் இரண்டும் நீர் கோத்து வீங்கி வீட்டோடு கிடக்கிறார். இருதயம் தளர்ந்துவிட்டது, உப்பை விட்டால்தான் மனிதர் தங்குவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிழவர் அதற்கு ஒரே நிபந்தனை போட்டார்: "நீ எதைத் திங்கிறியோ அதைத்தான் நானும் திம்பேன்." சரி என்றான் மகன். யுத்தம் தொடங்குவதற்கு முன்னால் சொன்ன சொல் அது. யுத்தம் இன்னும் முடிந்தபாடில்லை.

சொல்லோடு கிழவர் விட்டுவிடவுமில்லை. மகன் கடையிலிருந்து வந்ததும், மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்த கையால் அவன் தாடையைப் பிடித்து, "ஊதுடா" என்பார். நாற்பது வயது மகன் குனிந்து ஊதுவான். மோந்து பார்த்துத் திருப்திப்பட்ட பிறகும், முதல் வாய்க் கஞ்சியை உடையப்பன் குடித்துக் காட்ட வேண்டும்.

"மாட்டுக்குக்கூடக் கழனித்தண்ணியில ஒரு கை உப்புப் போடுவான்டா."

"மாடு டாக்டர்கிட்டப் போகலையே அய்யா."

உடையப்பனின் மனைவி போய்ச் சேர்ந்த வீடு. ஊருக்கெல்லாம் உலை வைத்துவிட்டு வந்து இங்கேயும் அவனேதான் உலை வைக்கிறான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "ஒரு துண்டு ஊறுகாய் உசுரையா எடுத்துரும்?" என்று கேட்பார்கள். அவன் கிழவரின் துணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவான்.

சென்ற வாரம் அக்காள் அழகம்மாள் கீரனூரிலிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மூட்டைக்குள் நெத்திலிக் கருவாடு இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை, வாயைத்தான் திறந்தாள்.

"பெத்தவருக்கு உப்புப் போடாத புள்ளைன்னு அங்கிட்டு எல்லாம் பேசுறாக. எனக்குத் தலை காட்ட முடியலை."

"பேசுறவுக இங்கிட்டு வந்து ஒரு நாள் இருந்து பாக்கட்டும்."

அலுப்பில் அது முணுமுணுப்பாகத்தான் வந்தது. மறுநாள் கருக்கலில் வழக்கம்போலக் கடைக்குக் கிளம்பிவிட்டான். அவன் அங்கே அடுப்போடு நின்ற பொழுதிலெல்லாம், இங்கே அவள் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் பிசைந்து அப்பனுக்கு ஊட்டினாள். கிழவர் விரலை விடாமல் சப்பினார். மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் மகன் வருவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள், இருவரும் ஒன்றும் அறியாதவர்கள்; கிழவர் சமர்த்தாகக் கஞ்சி குடித்தார். சில நாட்களுக்குள் வீக்கம் தொடைக்கு ஏறிவிட்டது.

நேற்று அவன் வாசலில் கால் வைக்கும்போதே கருவாட்டு வாசனை அடித்தது. கிழவர் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உடையப்பன் டாக்டர் கொடுத்திருந்த மருந்தைப் புகட்டினான். பிறகு கிழவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, அவர் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்தான்.

"அவளை வையாதடா" என்றார் கிழவர், ஒவ்வொரு சொல்லாக. "நாந்தான் கேட்டேன்."

"நான் யாரை வஞ்சேன்?"

"நாக்குச் செத்துப்போயே போயிருவாரேன்னுதான் தம்பி..." என்றாள் அக்காள்.

"போகாம இருக்கத்தானேக்கா நானும் இந்தப் பாடு படுறேன்."

அதைச் சொல்லும்போதே அவனுக்குக் கண் செருகிற்று. கருக்கலிலிருந்து நின்ற உடம்பு. அவன் சரிய, கிழவரும் கூடச் சரிந்தார்.

"எந்திரி" என்று அழகம்மாள் அவன் தோளைத் தள்ளினாள். சேலையை முழங்காலில் அமுக்கிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அப்பனின் மூச்சு ஒவ்வொன்றும் அவளுடைய முதுகெலும்பில் வந்து இடித்தது.

உடையப்பன் பக்கத்திலேயே சுருண்டான். வெகு நேரம் கழித்து மூச்சின் இரைச்சல் சற்றுத் தணிந்ததைக் கேட்டு, அரைக்கண்ணைத் திறந்தான். அக்காள் கை எட்டிக் கஞ்சிக் கலயத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். முதல் வாயை அவளே குடித்தாள். முகம் கோணிற்று, கஷ்டப்பட்டு விழுங்கினாள். பிறகு, முதுகை அசைக்காமல், கலயத்தைத் தன் தோளுக்கு மேலே தூக்கி அப்பனின் பக்கமாக நீட்டினாள்.