மலசலகூடத்துக்கு ஒரு வரவேற்பு நடனம்

நான் பாடசாலை அதிபராக இருந்த காலத்தில் எத்தனை வரவேற்பு நடனங்களுக்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினேன் என்று கணக்கில்லை. வகுப்பறைக் கட்டடம், குழாய்க்கிணறு, சுற்றுமதில், எதைத் திறந்தாலும் வாசல் படலையிலிருந்து மேடைவரை பிள்ளைகள் ஆடிக்கொண்டு முன்னே போக, விருந்தினர் பின்னே வரவேண்டும். வன்னிப் பாடசாலைகளில் இப்படிச் செய் என்று யாரும் சட்டம் போடவில்லை. போடாமலே செய்தோம். வெட்கம் கெட்ட பழக்கம். அதில் நான் கெட்டிக்காரன்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்தது பாடசாலை. பத்தாந் தரத்தில் ஒரு பிள்ளை படித்தாள். அவள் ஆடிப் பழகும்போது பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் நடனப் பயிற்சிப்பட்டறை ஒன்றுக்கு எங்களையும் அழைத்தார்கள். கடைசி நாளில் சிலரைத் தெரிவுசெய்து கொழும்பு மேடையில் ஆட அழைத்துப் போவார்கள். அவளுடைய தகப்பன் பெண்பிள்ளையை வெளியில் தங்க விடமாட்டேன் என்று நின்ற வயற்காரர். நடன ஆசிரியை மூன்று தடவை வீட்டுக்குப் போய், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வந்தார்.

பட்டறை தொடங்கும் அதே வெள்ளிக்கிழமை எங்கள் புதிய மலசலகூடத்தைத் திறந்துவைக்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவள் உட்பட முன்வரிசையில் ஆடும் ஆறு பேரையும் மறித்தேன். பின்வரிசைப் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பினேன். ஆடத் தெரிந்தவர்கள் மலசலகூடத்துக்கு, தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்துக்கு. இதற்கு நிர்வாகத் திறமை என்று எனக்குள் பெயர் வேறு வைத்திருந்தேன்.

"சேர், அவளை மட்டுமாவது விடுங்கோ. தகப்பன் இன்னொருக்கா ஓமெண்டு சொல்லமாட்டார்" என்றார் ஆசிரியை.

"முன்னுக்கு ஆடுறவள் இல்லாமல் என்னத்தை ஆடுறது ரீச்சர்? வாற மனுசனுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கப் போறியளோ?"

"அங்க ஒரு மணியோட பதிவு முடிஞ்சிடும் சேர்."

"இஞ்ச ஒன்பதுக்கே எல்லாம் முடிஞ்சிடும். நானே வான் பிடிச்சு ஏத்தி அனுப்புறன்."

எட்டு மணிக்கே ஆறு பேரும் முகப்பூச்சும் பூவுமாகப் படலையடியில் நின்றார்கள். ஒன்பது போனது. பத்து போனது. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "வந்துகொண்டிருக்கிறார்" என்றார்கள். பிள்ளைகளின் கழுத்தில் முகப்பூச்சு கோடு கோடாக இறங்கியது.

"எடியே, வரவேற்பு அவருக்கோ, கக்கூசுக்கோ?" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"ரெண்டுக்கும் உந்த ஆட்டமே போதும். பேசாம நில்லு."

சிரித்தவர்களை அதட்டினேன். அந்தப் பத்தாந் தரப் பிள்ளை சிரிக்கவில்லை. அடிக்கடி என் அலுவலகச் சுவர்மணிக்கூட்டை எட்டிப் பார்த்தாள். பிடித்த வான் வேப்பமரத்தடியில் நின்றது. சாரதி உள்ளே படுத்திருந்தார். பத்தரைக்கு அவளை ஏற்றியிருந்தால்கூடப் பதிவுக்குப் போயிருப்பாள். ஏற்றவில்லை. அந்த அதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயம் எனக்கு. அதைவிட வேறு காரணம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

இரண்டரைக்கு அதிகாரி வந்தார். பாட்டைப் போட்டோம். பிள்ளைகள் நாலு அடி வைத்திருக்கமாட்டார்கள்.

"நேரம் போயிட்டுது அதிபர். உந்த ஆட்டத்தை விட்டுட்டு நேர திறப்பம்" என்றார்.

பாட்டை நிறுத்தினார்கள். நாடாவை வெட்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார், வடை தின்றார், போனார். நான் அவருடைய வாகனம்வரை பல்லைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த வருடமும் பட்டறைக்கு அழைப்பு வந்தது. இந்தத் தடவை அனுமதி கேட்டு நானே அவளுடைய வீட்டுக்குப் போனேன். தகப்பன் கதிரையைத் துடைத்துப் போட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"போன முறை கையெழுத்து வைச்சுத் தந்தனான் சேர். நீங்கள்தானே மறிச்சனீங்கள். படிச்ச மனுசன், நீங்களே அது அவசியமில்லை எண்டு கண்டனீங்கள். பிறகு நான் என்னத்துக்கு விடவேணும்?"

ஆசிரியை கஷ்டப்பட்டு வாங்கிய ஒரேயொரு சம்மதத்தை நான்தான் பாழாக்கியிருந்தேன். குசினிக்குள்ளிருந்து தேநீரோடு வந்த பிள்ளை அதை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சேர், இனித் திறப்பு விழாக்களுக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ."

"சேரோட கதைக்கிற கதையோ இது?" என்று தகப்பன் சீறினார்.

"ஓம் பிள்ளை. கூப்பிடமாட்டன்" என்றேன்.

இரண்டு மாதம் போகவில்லை. சைக்கிள் கொட்டகை ஒன்றைத் திறக்க இன்னொருவர் வந்தார். முன்வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. அவளுக்கு ஆளனுப்பினேன். அதிபர் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வழியில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டேன். வந்தாள். ஆடினாள், ஒரு பிழையும் இல்லாமல், என் பக்கம் ஒரு தடவையும் பாராமல். அந்த விருந்தினர் நேரத்துக்கு வந்து, முழுவதையும் நின்று பார்த்துக் கைதட்டினார். பக்கத்தில் நின்று நானும் தட்டினேன்.