தண்ணீர் ஊற்றிய அடுப்பு

உப்பளம் பகுதியிலிருந்து தேங்காய்த்திட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மதியம் ஒன்றரை மணி வெயில். தோளில் ஒரு பை. அதற்குள் பூச்சுக் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், லுங்கி ஒன்று, சட்டை இரண்டு. வலது கையில் முழங்கை வரைக்கும் ஆவி அடித்துத் தோல் வழன்றிருந்தது. ஒரு ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். வலி எனக்குப் பெரிதில்லை. செங்கல் சூளையில் இதைவிடப் பெரிய கொப்புளங்களோடு கல் சுமந்திருக்கிறேன். நடக்க நடக்க மனதில் ஓடியது ஒன்றுதான். அந்த மனுஷன் வீட்டிலிருந்து இனிமேல் மத்தியானச் சோறு வெளியே போகக் கூடாது.

அந்த மனுஷனுக்கு உப்பளத்தில் மாடி வீடு. கீழே பின்கட்டில் சமைத்து, ஆபீஸ்களுக்குக் கேரியரில் சாப்பாடு அனுப்புவது அவர் தொழில். மாடி அறையை ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அவர் கரண்டி பிடித்து நான் பார்த்ததில்லை. சமைப்பதெல்லாம் உழவர்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. சிலிண்டர் பதிவு செய்தால் வர நாளாகிறது, அதனால் பின்கட்டில் விறகடுப்பு போட்டுவிடலாம், ஆனால் புகை வரக் கூடாது என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு ஊரில் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. அப்படிச் சுற்றியதில் கையோடு ஒட்டிக்கொண்ட வேலைகளில் புகையில்லா அடுப்பு போடுவதும் ஒன்று. புற்றுமண்ணையும் உமியையும் சேர்த்து மிதித்துப் புளிக்க வைக்க வேண்டும். முன்னால் பெரிய வாய், பக்கத்தில் அதே தீயில் கொதிக்கிற கொடியடுப்பு, பின்னால் புகை போகக் குழாய். மண் வேலையில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம். குழாயில் தப்பு செய்தால் அவ்வளவுதான்.

“அடுப்ப தென்கிழக்கு மூலைல போடு. அதான் அக்னி மூலை,” என்றார்.

“போடலாங்க. ஆனா குழா மாடிக் கைப்பிடிச் சுவத்துக்கு மேல போவணும். பதினோரு மணிக்குக் கடல் காத்து ஏறுச்சின்னா அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரும். மாடிச் சுவத்துல மோதி அப்டியே கீழ எறங்கும். குழா குட்டையா இருந்தா பொகையக் கொண்டாந்து அடுப்புக்குள்ளயே தள்ளும்.”

“யோவ், ரூம்ல இருக்கறவன் ஜன்னலத் தொறந்தா மாமரம் தெரியணுமா, உன் குழா தெரியணுமா? ஜன்னலுக்குக் கீழயே நிறுத்திக்க.”

“அப்ப மூலைய மாத்துங்க. மேற்கால வச்சிக்கலாம்.”

“எவனாவது மேற்கால அடுப்பு வைப்பானா? எந்த ஊருய்யா நீ?”

“எல்லா ஊரும்தாங்க.”

“அதான் ரேசன் கார்டே இல்ல போல,” என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா.

அப்போதே கரண்டியை எடுத்துக்கொண்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. விறகுக் கொட்டகையில் படுக்க இடமும் மூன்று வேளைச் சோறும் கிடைத்திருந்தன. அவர் சொன்ன உயரத்தில் குழாயை அறுத்தேன். அது என் தப்பு. இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன்.

அடுப்பு காய்ந்ததும் நல்ல நேரம் பார்த்துக் காலை ஆறரைக்குத் தீ மூட்டினோம். தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார். காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து கடலுக்குப் போகும். சவுக்கு விறகு சத்தமில்லாமல் எரிந்தது. குழாய் புகையை நூல் பிடித்த மாதிரி இழுத்தது. எல்லாரும் பொங்கல் தின்றார்கள். “நானே பிளான் போட்டுக் கட்டனது. மேஸ்திரி சும்மா மண்ணு பூசுனாரு, அவ்ளோதான்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பதினொன்று அடித்துச் சற்று நேரத்தில் மாமர இலைகள் திரும்பின. குழாய் ஒரு தடவை பெருமூச்சு விட்டது. அடுத்த நிமிஷம் அடுப்பு வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாம்பாரை இறக்கப் பார்த்தாள். குழாய் வாயில் மிச்சமிருந்த புகை நேரே மாடி ஜன்னலுக்குள் போனது. எந்த ஜன்னலுக்காகக் குழாயை அறுத்தோமோ அதே ஜன்னல். அறையில் இருந்த புருஷனும் பெண்சாதியும் இருமிக்கொண்டு பெட்டியோடு கீழே இறங்கிவிட்டார்கள்.

காலையில் அவர் அடுப்பாக இருந்தது பதினோரு மணிக்கு என் அடுப்பாகிவிட்டது.

ஓடிவந்தவர் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கி எரிகிற வாய்க்குள் ஊற்றினார். எரியும் அடுப்பில் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். விறகை வெளியே இழுத்து, கட்டையின் மேல்தான் தெளிப்பார்கள். வேண்டாம் என்று கையை நீட்டினேன். ஆவி என் கையில் அடித்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன்வாயிலிருந்து கொடியடுப்பு வரைக்கும் அடுப்பு பிளந்தது.

“சூளைக் கூலிக்காரன வூட்டுக்குள்ள வுட்டேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்,” என்று கத்திக்கொண்டே என் பையைத் தெருவுக்குக் கொண்டுபோனார். காலையில் பொங்கல் தின்றவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். “இன்னாத்தத் திருடி வச்சிருக்கியோ,” என்று பையைத் தலைகீழாகக் கொட்டினார். என் லுங்கியைக் காலால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

அடுப்பு உடைந்ததையாவது விட்டிருப்பேன். லுங்கியைக் காலால் தள்ளியதை விட முடியவில்லை.

தேங்காய்த்திட்டில் படகுகள் கட்டிக் கிடக்கிற இடத்தில், வலை பின்னுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் அடுப்பைப் பூசித் திரும்ப மூட்டுவார் என்று தெரியும். சுவர் ஏறி, குழாய் வாயில் ஈரச் சாக்கைத் திணித்துவிடலாம். விறகில் டீசல் தெளித்துவிடலாம். எதைச் செய்தாலும் அடுப்பின் முன்னால் நிற்கப்போவது அக்காதான். அவர் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பார். இருமுவது அக்கா, திட்டு வாங்குவதும் அக்கா. இதைத் திருப்பித் திருப்பி நினைத்தபோதுதான் புரிந்தது. அந்த வீட்டில் அடுப்பு போனால் இன்னொரு அடுப்பு வாங்குவார். நான் போனால் இன்னொரு மேஸ்திரி வருவான். அக்காவின் கை போனால் அவரிடம் ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு அவள் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் போய் நின்றேன்.

“இன்னா மேஸ்திரி, இன்னும் ஊர வுட்டுப் போவலியா?”

“உங்களப் பாக்கத்தான் நிக்கிறேங்க்கா.”

“கட்டிக் குடுக்க எனக்குப் பொண்ணு இல்லப்பா.”

“சாப்பாடு போச்சா?”

“போச்சி, திரும்பியும் வந்துச்சி. சாம்பாரு ஒரே பொக நாத்தம். அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு. நான் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னதாலதான் அடி புடிச்சிதாம்.”

“உங்க வூட்ல ஒரு அடுப்பு போட்டுத் தரேன். நீங்களே கேரியர் அனுப்புங்க. அதே ஆபீஸுங்களுக்கு.”

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு நல்லது பண்ண வந்தியா, அந்தாளுக்குக் கெட்டது பண்ண வந்தியா?”

“அந்தாளுக்குக் கெட்டது பண்ணத்தான்.”

“அப்டிச் சொல்லு. நல்லது பண்றேன்னு வர்றவன நான் வாசப்படி ஏத்தறதில்ல.” கம்பிக் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “ருசி என்னுதுன்னு அந்த ஆபீஸ்காரங்களுக்குத் தெரியும். ஒருத்தரு போன்லயே கேட்டாரு, தனியா பண்ணுங்களேன்னு. எங்க வூட்டுக்காரரு ஆட்டோ இருக்கு, கொண்டுபோய்க் குடுக்க. கேஸு வாங்கி ஆக்கறதுதான் எனக்குக் கட்டுப்படி ஆவாது, அதான் கம்முனு இருந்தேன்.” பிறகு என் கையைப் பார்த்தாள். “மருந்து போட்டியா?”

“ஐஸ் வச்சேன்.”

“ஐஸு. நீ மேஸ்திரியா, மீன் யாவாரியா? காலைல ஏழு மணிக்கு வா. எங்க வூட்டு வேலைன்னாலும் கூலி உண்டு. ஓசில பண்ணிட்டு நாளைக்கு என்னையும் பழி வாங்கக் கெளம்பிடுவ.”

பஸ் ஸ்டாண்டில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு உழவர்கரையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, பின்னால் தகரச் சாய்ப்பு. மாடி கிடையாது. காற்று மோதித் திரும்ப ஒரு சுவரும் இல்லை. அவள் புருஷன் சாய்ப்பில் தகரம் பிரித்துக்கொண்டிருந்தார். புற்றுமண் ஒரு வண்டி வந்து கொட்டிக் கிடந்தது. எத்தனை நாளாகும் என்று அக்கா கேட்டாள். போட மூன்று நாள், நிழலில் காய ஒரு வாரம், அவசரப்பட்டால் வெடிக்கும் என்றேன்.

“அப்ப பத்து நாளும் அங்க போய் ஒழுங்கா ஆக்கிப் போட்டுட்டு வரேன்,” என்று கூடையை எடுத்தாள். “மொதலாளி மொதலாளின்னு சிரிச்சிக்கினே. பதினோராம் நாளு சொல்லாம நின்னுடறேன். அந்தாளு கேரியரெல்லாம் கழுவி, வரிசையா அடுக்கி வச்சிட்டு, சோத்துக்குக் காத்துக்கினு ஒக்காந்திருக்கட்டும்.”

அதுவரை எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அவளுக்கும் அந்த வீட்டில் பல வருஷத்துக் கணக்கு இருந்திருக்கிறது.

அவள் பஸ்ஸுக்குப் போனதும் மண்ணில் தண்ணீர் தெளித்து, உமியைத் தூவி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்க இறங்கினேன்.