கோச்சடை வீட்டின் பூட்டிய அறை

பிலோமினாள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இருபது நாள்தான் பாக்கி. முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்த பணம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். அது வில்லங்கமாகிவிட்டால் தெருதான்.

1981, ஆனிக் கடைசி. தரகர் சுருளி கோச்சடையில் ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினார். முன்பக்கச் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. விற்கிறவன் கருத்தக்கண்ணன். வீடு அவன் அம்மா மாயக்காள் பேரில் இருந்தது.

“அம்மா எங்கே தம்பி?”

“சமயநல்லூர்ல தங்கச்சி வீட்ல இருக்கு. புதன்கிழமை பத்திர ஆபீசுக்குக் கூட்டியாந்துருவேன். அக்ரிமெண்டுல கைநாட்டு வாங்கியாச்சு, பாருங்க.”

“இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துருங்க சிஸ்டர்” என்றார் சுருளி. “ஆடி பிறந்துட்டா எவன் பத்திரம் முடிப்பான்?”

“நான் வேதக்காரி. என் பணம் ஆடியில கடிச்சிருமா?”

சுருளி சிரித்தார். கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. “அம்புட்டு நாள் தாங்காதுக்கா” என்றான்.

“எது தாங்காது?”

அவன் கண் வீட்டின் பின்பக்கம் போய்த் திரும்பியது. பிலோமினாள் பின்பக்கம் நடந்தாள். கடைசி அறையில் பூட்டுத் தொங்கியது.

“கோழித் தீவனம் கெடக்குக்கா.”

கதவிடுக்கில் வந்தது படுக்கைப்புண்ணின் நாற்றம். அவளுக்கா தெரியாது?

“தொறக்கலைன்னா அட்வான்ஸ் இல்லை.”

உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு கிழவி கிடந்தாள். கண் திறந்திருந்தது, விரலை ஆட்டியபோது பார்வை கூடவே வரவில்லை. இடது பெருவிரலில் மட்டும் நீல மை, துடைக்காமல்.

பிலோமினாள் வெந்நீர் கேட்டு வாங்கினாள். புண்ணைக் கழுவித் துணி வைத்துக் கட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“புதன்கிழமை யாரைக் கூட்டிட்டுப் போகப் போறே?”

சுருளி மோட்டுவளையைப் பார்த்தார்.

“நாளைக்கு இவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா.”

“வாரேங்க்கா.”

வீடு வாங்கப் போகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள். கைநாட்டு வைத்த ஆளை மட்டும் நேரில் பார்ப்பதில்லை. பார்த்த பிலோமினாளின் பணம் பையிலேயே இருந்தது. அன்று மாலையே சுருளியிடம் விலாசம் கேட்டு வாங்கி, சமயநல்லூர் மகள் அன்னக்கொடிக்குக் கார்டு போட்டாள்.

மறுநாள் கருத்தக்கண்ணன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வியாழக்கிழமை காலை, கார்டும் கையுமாக அன்னக்கொடிதான் வந்து நின்றாள்.

“பொங்கலுக்கு வந்த சண்டையில அண்ணன் என்னைய வாசப்படி ஏத்தலை சிஸ்டர். அம்மாவ நல்லாப் பாத்துக்கிறேன்னுதான் சொல்லிவிட்டாரு.”

இருவரும் கோச்சடைக்குப் போனார்கள். வாசலில் புதுப் பூட்டு. எதிர் டீக்கடையில் சுருளி இருந்தார்.

“வேற ஆளுக்கு முடிஞ்சிருச்சு சிஸ்டர், நேத்துத்தான்.” அவர் கிளாசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மாயக்காளே வந்து கைநாட்டு வச்சுச்சு. நடந்தே வந்துச்சு.”

“எங்கம்மா எந்திரிச்சு நடந்து ரெண்டு வருஷமாச்சே!” என்றாள் அன்னக்கொடி.

பிலோமினாள் அதற்குள் சந்து வழியாகப் பின்பக்கம் போயிருந்தாள். அந்த அறைச் சன்னல் கம்பியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.

கயிற்றுக் கட்டில் வெறுமையாகச் சுவரில் சாத்தியிருந்தது. புண்ணின் நாற்றம் இல்லை. புதுச் சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.