தேயிலைத்தூளுக்கு ஒரு மார்க்கு

றோலண்ட் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பாதையோரம் நிற்கிறார். பறித்த கொழுந்தை மடுவத்தில் எடைபோட்டுவிட்டுப் பெண்கள் இறங்கி வருகிறார்கள். பத்தடி தூரத்துக்கு வந்ததும், "நில்லுங்க தாயி, இது என்னா?" என்று கேட்கிறார். நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறவர்களால் அவருக்குப் பிரயோசனம் இல்லை. "பாத்த ஒடன ஒரு மூச்சுல பேரு வரணும். ரெண்டாவது மூச்சு வாங்குனா அந்தப் படம் அடுப்புக்குத்தான்" என்பார்.

ஹட்டனில் கடைக்குப் பேர்ப்பலகை எழுதுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். சாமானுக்கு மார்க்கு போட்டுத் தருகிறவர் இவர் ஒருவர்தான். சுருட்டோ பல்பொடியோ நல்லெண்ணெயோ, எதை விற்க நினைத்தாலும் பொட்டணத்திலும் போத்தலிலும் ஒட்ட ஒரு படம் வேண்டும். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் படத்தின் பேரைச் சொல்லித்தான் சாமான் வாங்குகிறார்கள்.

வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். தகட்டில் எழுத்து வெட்டி, அதைப் பெட்டிமேல் வைத்து மை பூசி, தோட்டத்தின் பேரைப் பதிக்கிற வேலை. தகட்டு எழுத்துக்கு நடுவில் ஒரு கீற்று விட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தின் வயிறு கழன்று விழுந்துவிடும். தூரிகையால் எழுதும்போதும் அந்தக் கீற்றை விடாமல் அவர் கை கேட்பதில்லை. மாதா கோயில் சுவரில் எழுதிய வசனம்கூட அப்படித்தான். சாமியார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார். நிறம் பார்க்க இடது கட்டைவிரல் நகத்தில் பூசிக்கொள்வார். நகத்தைப் பார்த்தே இந்த வாரம் சுருட்டுக்காரரா எண்ணெய்க்காரரா என்று மனைவி இசபெல் சொல்லிவிடுவாள்.

இந்தப் பத்தடிப் பரீட்சைக்கு ஒரு கதை இருக்கிறது. வலப்பனையில் ஒரு சோடாக்காரருக்கு ஒரு காலத்தில் கம்பீரமாகச் சிங்கம் வரைந்து கொடுத்தார். பிடரி மயிர் கொஞ்சம் குறைந்துபோனது போல. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க "நாய் சோடா ரெண்டு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்த மனுஷர் பாவம், சிங்கத்தை அழித்துவிட்டு எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டார். "அந்தப் பக்கம் பஸ்ஸுல போனாக்கூட தலைய குனிஞ்சிக்கிருவேன்" என்று றோலண்டே சொல்வார்.

போன வருஷம், ஐம்பத்தேழில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பூண்டுலோயாப் பாதையில் கடை வைத்திருக்கிற செல்லசாமி முதலாளி கூப்பிட்டனுப்பினார். சொந்தமாகத் தேயிலைத்தூள் பொட்டணம் போடப்போகிறாராம். கொழும்பு அச்சகத்தில் பத்தாயிரம் லேபல், மூன்று வர்ணத்தில். வெள்ளிக்கிழமை நாலு மணித் தபாலுக்குப் படம் போகாவிட்டால் அச்சகத்தில் கைவசம் இருக்கிற தாமரைப்பூவைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதுவரை றோலண்ட் போட்ட மார்க்கெல்லாம் தகடு வைத்துக் கையால் மை பூசியவை. அச்சாகப்போகிற முதல் மார்க்கு இது. மனுஷருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதலாளி ஒரு கலண்டரைக் காட்டி, "இதே மாதிரி கொழுந்து பறிக்கிற பொண்ணு ஒண்ணு போட்டுரு" என்றிருந்தார். போட்டார். பாதையோரம் நின்று காட்டினார். கம்பளியை உதறிக்கொண்டு முன்னால் வந்த வேலாயி பார்த்தாள்.

"ஏண்ணே, விடிஞ்சதுல இருந்து நாங்கதான் பறிக்கிறோம். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துலயும் ஒருத்தி பறிச்சிக்கிட்டே நிக்கணுமா? அவளையாவது செத்த குந்த விடுங்க."

அட, வாங்கப்போகிறவர்களே இவர்கள்தானே! மறுநாள் படத்துப் பெண்ணைக் குந்த வைத்து, கையில் கிளாஸைக் கொடுத்து, பக்கத்தில் கூடை நிறையக் கொழுந்தும் வைத்துக் கொண்டுபோனார்.

"அடியே எந்திரிடி, கங்காணி வாறான்!" என்று கத்தினாள் வேலாயி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றோலண்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கொழுந்து நிறைந்த கூடையோடு தோட்டத்தில் எவளாவது உட்காருவாளா? பதினோரு வருஷம் ஃபேக்டரியில் கிடந்தவர் செய்கிற பிழையா இது?

மூன்றாவது படத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசல் தாழ்வாரத்தில் அவள் குந்தியிருக்கிறாள். பின்னால் சுவரில் கூடை கவிழ்த்து மாட்டியிருக்கிறது. நிறுவை முடிந்து, கூடையை உதறிக் கவிழ்த்து மாட்டிவிட்டால் அதற்குமேல் யாரும் வேலைக்குக் கூப்பிட முடியாது. இந்தத் தடவை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"வேலை முடிஞ்சிருச்சு இவளுக்கு" என்றாள் வேலாயி, ஒரே மூச்சில். கொஞ்சம் கழித்து, "குடுத்து வச்சவ" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்லசாமி படத்தைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

"நான் என்னா கேட்டேன், நீ என்னாய்யா கொண்டாந்திருக்க? பறிக்கிறவளக் கேட்டா, குந்திக்கிட்டிருக்கிறவளக் கொண்டாந்திருக்கியே! கட நிக்கிற எடம் தோட்டத்துது. தொரை கண்ணுல பட்டா, எங்க ஆளுங்களுக்குச் சோம்பேறித்தனம் படிச்சிக் குடுக்கிறியான்னு கேக்கமாட்டாரா? எழுப்பி நிறுத்துய்யா அவள. முடியாதுன்னா தாமரைப்பூவே போதும்."

றோலண்ட் வாடிக்கைக்காரரோடு மறுபேச்சுப் பேசுகிற ஆளே இல்லை. "சரிங்க மொதலாளி" என்பதுதான் அவருக்குத் தெரிந்த பதில். பையில் தூரிகை இருந்தது, வர்ணமும் இருந்தது, மணி மூன்றுகூட ஆகவில்லை. தாமரைப்பூ வந்தால் அவருடைய முதல் அச்சு மார்க்கு போயிற்று.

அந்தக் கடையில் லயத்து ஆட்கள் உட்காருவதில்லை. நின்று வாங்கி நின்றே குடித்துவிட்டுப் போவார்கள். அதுவரை றோலண்டும் அப்படித்தான். றோலண்ட் மாவு மூட்டையை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"மொதலாளி, அந்தப் புதுத் தூள்ல ஒரு தேத்தண்ணி ஊத்துங்க."

செல்லசாமி திகைத்துப்போனார். ஆனாலும் கடைக்காரர் கையல்லவா, அது பாட்டுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டது. றோலண்ட் ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தார்.

"தொரை கேட்டா அந்தக் கூடையக் காட்டுங்க. கவுத்து மாட்டியாச்சு. அதுக்குப் பொறவு அது அவ நேரம். அதுல தொரைக்கு என்னா வேலை? அவரு இந்தத் தூளக் குடிக்கப்போறதும் இல்லீங்க." இன்னொரு மிடறு குடித்தார். "அவள எழுப்ப என்னால ஏலாது மொதலாளி."

செல்லசாமியும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். படத்தைக் கையில் எடுத்தார். சுவரில் கவிழ்ந்திருக்கிற கூடையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து பெரிய உறை ஒன்றை எடுத்து, அச்சகத்தின் விலாசத்தை எழுதி, படத்தை மடங்காமல் உள்ளே வைத்து ஒட்டினார்.

"இந்தா, ஓடு. தபால் போயிறப்போகுது" என்று நீட்டினார்.

றோலண்ட் கையை நீட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கிளாஸில் இன்னும் இரண்டு மிடறு இருந்தது.