கோட்டுக்குப் போன சீதன வீடு

வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் சிலர், குடியிருப்பவரை வீட்டிலிருந்து எழுப்ப லோயருக்கு எவ்வளவு போகும் என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒரே தொகையாக யாரும் வாங்குவதில்லை என்றுதான் சொல்வேன். வாய் திறக்க ஒரு காசு, நோட்டீசுக்கு ஒரு காசு, வழக்குத் தாக்கலுக்கு வேறு. அதற்குப் பிறகு கோட்டில் வழக்குக் கூப்பிடும் தவணைக்குத் தவணை. வழக்கு எடுபடாமல் ஒத்திப்போனாலும் அன்றைய காசு அன்றைக்கே. அவருடைய கிளாக்கருக்குத் தேத்தண்ணிக் காசு தனி.

வீடு என்னுடையது. கல்முனைக்குடியில், என் கலியாணத்துக்கு வாப்பா எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். மூத்த மகளோடு நாங்கள் தங்கியிருந்ததால், இளையவளுக்கென்று வைத்த அந்த வீட்டை ஒருவருக்கு வாடகைக்கு விட்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்ததும் நான்தான். இளையவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தபோது ஒப்பந்தக் காலமும் முடிந்திருந்தது. அந்த மனிதர் வாடகையை ஒழுங்காகத் தருவார், எழும்பத்தான் மாட்டார். வீடு கைக்கு வந்தால்தான் கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் லோயரிடம் போனார். "வீட்டுக்காரர் ஆரு?" என்று அவர் கேட்க, "நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் ஆண்கள் பலரும் அப்படித்தான். மனைவியின் வீட்டில் வாழ்நாள் முழுக்க இருந்துகொண்டு "என்ட ஊடு" என்பார்கள். சரி, இவர்தான் சொன்னார், படித்த மனிதருக்குப் புத்தி எங்கே போனது? வீட்டு உறுதிப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் முதல் நாளே அவர் மேசையில் கிடந்தன. இரண்டிலும் என் பெயர். புரட்டிக்கூடப் பார்க்காமல் கணவர் பெயரில் வழக்கைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தவணையிலும் "இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையோட முடிச்சிருவம்" என்று கையை நீட்டினார். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் காசு வாங்கியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கடைசியில் எதிர்த்தரப்பு லோயர் எழும்பி, இவருக்கு இந்த வீட்டில் என்ன உரித்து என்று கேட்டார். வழக்குத் தள்ளுபடி. வெளியே வந்த எங்கள் லோயரின் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"கவலப்படாதீங்க ராத்தா. உங்கட பேரில புதுசாப் போடுவம். கொஞ்சம் கொறச்சி எடுக்கிறன்."

"இவ்வளவு நாளும் எடுத்தது காணாதா சேர்?" என்றேன். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவரைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே மாப்பிள்ளை வீட்டார், வேறிடம் பார்ப்பதாக ஆள் அனுப்பிவிட்டார்கள். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், கேட்டுவிட்டு மீன் சட்டியை இறக்கி வைத்தாள்.

"புது வழக்கு ஒண்டும் போடாதீங்க உம்மா," என்றாள். "அந்த வாடகைக்காரரே இரிக்கட்டும். அவராவது குடியிரிக்கக் காசு தாறாரு."