ஏழு அங்குலம்

"இந்தப் பந்தி முடியட்டும் அண்ணை" என்று வெங்காய விதை கேட்டு வந்தவரை நிற்க வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் வாசித்துக்கொண்டிருக்கிறாள் சுதர்சினி. விசுவமடுச் சந்திக்குக் கிட்ட, விதையும் பசளையும் விற்கும் கடை. முதலாளி மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவார். அதுவரை அங்கே அவள் ராச்சியம். வந்தவருக்கும் இது பழக்கம். "என்ன, கொலைகாரன் பிடிபட்டானோ?" என்று கேட்டபடி யூரியா மூட்டையில் சாய்ந்துகொள்கிறார்.

வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் சுற்றியிருக்கிறாள். கதையில் கெட்டவன் வெல்லப் போகிறான் என்று தெரிந்தால் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசிப்பாள். வயலுக்குப் போகும் கணவர் பாலன், "சோறு இருக்கோ, இல்லாட்டி இண்டைக்கும் கதைதானோ?" என்பார். அதற்கும் பந்தி முடிந்த பிறகே பதில்.

அவளுக்கு ஈடாக வாசிக்க ஊரில் ஒருத்திதான் உண்டு. முன்பள்ளி ஆசிரியை நேசமலர், இரண்டு வீடு தள்ளி இருப்பவள். தடித்த நாவல் ஒன்று அகப்பட்டால் இருவருக்கும் பொறுமை இருக்காது. கடைக் கத்தியால் அதை முதுகோடு பிளந்துவிடுவார்கள். ஒருத்தி பிற்பாதிக்குப் போனதும் முற்பாதி மற்றவளிடம் போகும். பிறகு பசை பூசி ஒட்டி வைப்பார்கள். இப்படி ஒட்டிய புத்தகங்கள் இரண்டு வீட்டு அலுமாரிகளிலும் கிடக்கின்றன.

போன தை மாதம் நேசமலரின் மகள் பிரான்சிலிருந்து ஒரு மின்வாசிப்பான் அனுப்பினாள். ஆறு அங்குலத் திரை, கைக்குள் அடங்கும். அன்று பின்னேரமே நேசமலர் அதைக் கடைக்குக் கொண்டு ஓடி வந்தாள்.

"பாரன் சுதா. முன்னூறு புத்தகம் இதுக்குள்ள கிடக்கு."

சுதர்சினி வாங்கி வெயிலில் பிடித்தாள். கண் கூசவில்லை. எழுத்து தாளில் அச்சடித்ததுபோல இருந்தது. ஒரு குறையாவது அகப்படாதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புத்தக மணம் இல்லையே" என்று கொடுத்துவிட்டாள்.

அதன்பின் நேசமலரிடமிருந்து இரவல் வருவது நின்றது. கதைகள் மட்டும் வாய்வழியாக வந்தன. "அந்த நாவல் முடிஞ்சுது. இப்ப வேற ஒண்டு துடங்கீட்டன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் சுதர்சினிக்கு நெஞ்செரிந்தது. நேசமலரின் படலையைக் கடக்காமல் வாய்க்கால் பாதையால் சுற்றி வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். ஒருநாள் பொழுதுபட்ட நேரம் மின்சாரம் நின்று ஊரே இருண்டது. நேசமலர் மட்டும் முற்றத்தில் கதிரை போட்டு, அந்தத் திரையின் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தது வேலிக்கு மேலால் தெரிந்தது. அன்று சுதர்சினி சோற்றை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வரவிருந்த தம்பி பிரசாந்தன், "அக்கா, உனக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்டான். வாய் மூடுமுன் பதில் வந்தது. அவன் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று, நேசமலரிடம் இருக்கும் அதே ஆறு அங்குலம். மற்றது ஏழு அங்குலம், பக்கம் திருப்ப ஓரத்தில் பொத்தான்கள்.

சுதர்சினி விதைப் பெட்டி மட்டையை இரண்டு அளவிலும் வெட்டிக்கொண்டாள். பேருந்தில் நின்றபடி சின்ன மட்டையைப் பிடித்துப் பார்த்தாள். பாயில் படுத்தபடி பெரிய மட்டையைப் பிடித்துப் பார்த்தாள். சின்னது கைப்பைக்குள் போனது. பெரியதில் எழுத்தைப் பெருப்பித்தாலும் வரிகள் நிறைய நிற்கும். கடைக்கு வந்தவரிடம் இரண்டையும் நீட்டி, "எது அண்ணை வசதி?" என்றாள். "எனக்கு வெங்காய விதைதான் பிள்ளை வசதி" என்றார் அவர்.

செய்தி கேட்டு நேசமலர் வந்தாள்.

"என்ரை மாதிரியே எடு சுதா. ரெண்டையும் ஒரே கணக்கில போடலாம். நான் வேண்டிற புத்தகமெல்லாம் உனக்கும் வரும். மற்றது வேற கொம்பனி. அதுக்கு இதுகள் போகாது."

அவள் சொன்னது முழுக்க நியாயம். அதுதான் சுதர்சினிக்கு இன்னும் எரிந்தது.

"பாப்பம்" என்றாள்.

நேசமலர் படலை தாண்டியதும் தம்பிக்கு அழைப்பு எடுத்தாள். "பெரிசு. அவளின்ரையை விடப் பெரிசு."

"ஆரின்ரையை, அக்கா?"

"நீ கொண்டு வா."

வந்தது. பொங்கல் முடிந்த ஞாயிறு, மேசைக்குப் புதுச் சீலை விரித்து, நடுவில் அதை வைத்து, தேத்தண்ணி ஊற்றி நேசமலரைக் கூப்பிட்டாள். எதிரே இருந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

நேசமலர் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். பொத்தானை அமத்தினாள். முகம் மலர்ந்தது.

"சோக்கான சாமான். எவ்வளவு பெரிய எழுத்து. நல்லகாலம், நீ என்ரை கதையைக் கேக்கேல்லை."

மனதாரச் சொன்னாள். அந்த முகத்தில் ஒரு பொட்டு எரிச்சலாவது இருக்காதா என்று சுதர்சினி தேடினாள். இல்லை. மாதக்கணக்காகத் தான் எரிந்ததெல்லாம் ஒருத்தியாகவே எரிந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தேத்தண்ணி கசந்தது.

நேசமலர் பேச்சை நிறுத்தியிருந்தாள். திரையில் சுதர்சினி முதல்நாள் பாதியில் விட்ட நாவல். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொன்று. புருவம் சுருங்கியது. மூச்சை ஒருதரம் இழுத்துப் பிடித்தாள்.

"நேசம், அது நான் இன்னும் வாசிக்கேல்லை."

"ம்."

சுதர்சினி எட்டி, உள்ளங்கையைத் திரைமேல் வைத்தாள். நேசமலர் விடவுமில்லை, நிமிரவுமில்லை. தலையைச் சாய்த்து, கைக்கு வெளியே தெரிந்த ஒற்றை வரியை வாசித்தாள். சுதர்சினி கையை எடுக்காமல், விரல்களை மட்டும் மெல்ல விரித்தாள்.